எஸ்4 எங்கே இருக்கு? ரன்வே போர்டுகளின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)



விமானத்துல ஜன்னல் சீட் கிடைச்சா எல்லாரும் மேகத்தைத்தான் படம் எடுப்போம். அதுக்கு முன்னாடி விமானம் ஒரு பத்துப் பதினஞ்சு நிமிஷம் தரையில உருண்டு போகும் இல்லையா, அப்போ வெளியே பாருங்க. புல்லுக்கு நடுவுல இடுப்பு உயரத்துக்குச் சின்னச் சின்ன போர்டுகள் நிக்கும். மஞ்சள், கறுப்பு, சிவப்பு. அதுல ஒரு எழுத்து, ஒரு எண், சில சமயம் ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான்.

பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும். ஆனா அந்தப் போர்டு இல்லாததால, இருந்தும் தேய்ஞ்சு போனதால, இல்லன்னா அதுல எழுதியிருக்கிற பேரு யாருக்கும் தெரியாததால நூற்றுக்கணக்கான பேர் செத்திருக்காங்க. வானத்துல இல்லை, தரையில. இன்னைக்குப் பேசப்போறது அந்த வரலாறு. குறிப்பா மிலான் நகரத்தில் 2001ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு காலை வேளை.

முதல்ல அந்தப் போர்டுகளைப் படிக்கக் கத்துக்கலாம். அஞ்சு நிமிஷம் போதும், நிஜமாவே.

ரன்வேக்குப் பேர் எண்தான். அந்த எண் சும்மா வரிசை எண் இல்லை, திசை. 07ன்னு எழுதியிருந்தா, அந்த முனையில நின்னு ரன்வே நீளத்துக்கு நேரா பார்த்தா காம்பஸ் ஏறக்குறைய 70 டிகிரி காட்டும். கடைசி பூஜ்யத்தை விட்டுட்டு எழுதுறாங்க. அதே ரன்வேயோட மறுமுனையில நின்னா நீங்க நேர் எதிர்த்திசையைப் பார்க்குறீங்க, அதனால 180 டிகிரி கூடும், பேரு 25. சென்னையோட பெரிய ரன்வே இதுதான், 07/25. எந்த ஊருக்குப் போனாலும் ரெண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம் 18. இந்தப் பதினெட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும். ஒரே திசையில ரெண்டு ரன்வே பக்கத்துப் பக்கத்துல இருந்தா இடதுக்கு எல், வலதுக்கு ஆர்.

இன்னொரு வேடிக்கை: பூமியோட காந்த வடக்கு மெதுவா நகர்ந்துக்கிட்டே இருக்கு. அதனால சில ஊர்ல ரன்வே அசையாம அதே இடத்துல கிடக்கும், பேரு மட்டும் மாறும். லண்டன் பக்கத்துல ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துல 2009ல 05/23 என்பது 04/22 ஆச்சு. ஒரு வேரியபிளை ரீநேம் பண்ணினா எத்தனை இடத்துல மாத்தணும்னு நமக்குத் தெரியும். இங்கே பெயின்ட், போர்டு, உலகம் முழுக்க இருக்கிற வரைபடங்கள்னு எல்லாத்தையும் மாத்தணும்.

ரன்வேக்குப் போற உள்சாலைகள் டாக்ஸிவே. அதுக்கு எழுத்துதான் பேர்: ஏ, பி, சி. ஐ, ஓ, எக்ஸ் மூணையும் பயன்படுத்தக் கூடாது. ஆங்கில ஐ ஒண்ணு மாதிரி இருக்கும், ஓ பூஜ்யம் மாதிரி இருக்கும், எக்ஸ் போட்டா மூடப்பட்ட பாதைன்னு அர்த்தம்.

இப்போ நிறம். கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்து இருந்தா "நீ இப்போ இங்கே இருக்கே". மஞ்சள் பலகையில கறுப்பு எழுத்தும் அம்புக்குறியும் இருந்தா "அந்த வழி அங்கே போகுது". சிவப்புப் பலகையில வெள்ளை எழுத்து இருந்தா அது கட்டளை: அனுமதி இல்லாம இதுக்கு மேல வராதே. தரையில இருக்கிற கோடுகள்ல வெள்ளை ரன்வேக்கு, மஞ்சள் டாக்ஸிவேக்கு. ரன்வேக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி குறுக்கா நாலு மஞ்சள் கோடு இருக்கும். ரெண்டு தொடர்கோடு, ரெண்டு விட்டுவிட்டுப் போற கோடு. தொடர்கோடு உங்க பக்கம் இருந்தா அது சுவர். விட்டுவிட்டுப் போற கோடு உங்க பக்கம் இருந்தா, அதாவது நீங்க ரன்வேயில இருந்து வெளியே வர்றீங்கன்னா, அது திறந்த கதவு. ராத்திரியில ரன்வே ஓரம் வெள்ளை விளக்கு, டாக்ஸிவே ஓரம் நீலம், டாக்ஸிவே நடுக்கோடு பச்சை. பெரிய விமான நிலையங்கள்ல ரன்வே வாசல்ல குறுக்கா சிவப்பு விளக்கு வரிசை ஒண்ணு உண்டு, அதுக்குப் பேர் ஸ்டாப் பார்.

முடிஞ்சது. இதுவே பாடத்தோட முக்கால்வாசி. இவ்வளவு எளிமையான ஒரு மொழி எதுக்காக இவ்வளவு ரத்தம் கேட்டுச்சு என்பதுதான் கேள்வி.

டெனெரிஃபே பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1977 மார்ச் 27, ஸ்பெயினோட கானரி தீவுகள். ரெண்டு போயிங் 747 ரன்வேயிலேயே மோதி 583 பேர் இறந்தாங்க. விமான விபத்துகள்ல இன்னைக்கு வரைக்கும் அதுதான் மிகப் பெரியது. பொதுவா இந்தக் கதையை கேஎல்எம் கேப்டனோட அவசரம், ரேடியோவுல வார்த்தைக் குழப்பம் இந்தப் பக்கத்துல இருந்துதான் சொல்வாங்க. அது சரிதான். ஆனா நான் இன்னைக்கு எதிர்ப்பக்கம் வந்த பான் ஆம் விமானத்துக்குள்ள போகணும்னு நினைக்கிறேன்.

பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் லாஸ் ரோடியோஸ் என்ற அந்தச் சின்ன விமான நிலையத்துக்குப் பல விமானங்கள் திருப்பி விடப்பட்டிருந்தன. டாக்ஸிவேயில் வரிசையாக விமானங்கள் நின்றதால், ரன்வேயையே சாலையாகப் பயன்படுத்தி நடக்க வேண்டிய நிலை. பான் ஆமுக்கு வந்த உத்தரவு: ரன்வேயிலேயே போய், மூன்றாவது வழியில் இடப்பக்கம் வெளியேறு. பனிமூட்டம் அடர்த்தி. வெளியேறும் வழிகளுக்குப் பெயரைக் காட்டும் போர்டும் இல்லை, அடையாளமும் இல்லை.

"மூணாவது". கவனிங்க, பேர் இல்லை, எண்ணிக்கை. நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், எண்ணிக்கை வச்சு இடத்தைச் சொன்னா என்ன ஆகும்னு. பூஜ்யத்துல இருந்து எண்ணுறதா, ஒண்ணுல இருந்தா? ஏற்கெனவே தாண்டினதைச் சேர்த்தா, சேர்க்காமலா? பான் ஆம் பைலட்டுகளும் முதலாவதா மூணாவதான்னு திரும்பக் கேட்டு உறுதி செஞ்சாங்க. பிறகு அந்த மூணாவது வழி ஏறக்குறைய 148 டிகிரி பின்னால மடங்கித் திரும்ப வேண்டிய வழி. ஒரு 747க்கு அது ரொம்பக் கடினம். அடுத்தது, நாலாவது, அவ்வளவு மடங்கித் திரும்பத் தேவையில்லாத வழி. பனியில மூணாவது வழியைப் பார்க்காம தாண்டி, நாலாவதை நெருங்கிக்கிட்டிருந்தாங்க. எதிரே கேஎல்எம் விமானத்தோட விளக்குகள் தெரிஞ்சது அப்போதான்.

அங்கே ஒரு போர்டு இருந்திருந்தா விபத்தே நடந்திருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். அனுமதி இல்லாம கிளம்பினது கிளம்பினதுதான். ஆனா மூணாவது வழியில அவங்க திரும்பியிருந்தா ரன்வே காலியா இருந்திருக்கும்.

பதிமூணு வருஷம் கழிச்சு, 1990 டிசம்பர் 3, அமெரிக்காவோட டெட்ராய்ட். மறுபடி பனிமூட்டம். நார்த்வெஸ்ட் நிறுவனத்தோட ஒரு டிசி-9 வழி தவறி, தெரியாம ஓடிக்கிட்டிருக்கிற ரன்வேக்குள்ள போயிடுச்சு. அதே நிறுவனத்தோட 727 டேக்-ஆஃப் ஓட்டத்துல வந்து உரசினதுல எட்டு பேர் இறந்தாங்க. விசாரணையில பைலட்டுகளோட தவறுக்குப் பக்கத்துலயே போர்டு, கோடு, விளக்கு குறைபாடுகளும் பதிவாச்சு. அமெரிக்க விமான நிலையங்கள் எல்லாம் ஒரே மாதிரி போர்டுக்கு மாறினது இதுக்கு அப்புறம் வந்த சில வருஷங்கள்லதான்.

தைவானையும் ஒரு நிமிஷம் பார்த்துடலாம், ஏன்னா இது வேற மாதிரி தப்பு. 2000 அக்டோபர் 31, தைபே. சாங்சேன் புயல் நெருங்குற ராத்திரி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 006, ஒரு 747, லாஸ் ஏஞ்சலஸ் போகணும். கிளம்ப வேண்டிய ரன்வே 05எல். அதுக்கு முன்னாடியே வர்றது 05ஆர், கட்டுமான வேலைக்காக மூடி வச்சிருந்தாங்க. உள்ளே கான்கிரீட் தடுப்பு, மண் அள்ளும் இயந்திரம் எல்லாம் நிக்குது. ஆனா அந்த முனையில "மூடப்பட்டது"ன்னு காட்டும் குறி இல்லை. 05ஆர் பக்கம் வளையுற பச்சை விளக்குகள் நெருக்கமா, பளிச்சுன்னு போகுது. 05எல் பக்கம் நேரா போற விளக்குகள் தூரத் தூரமா, அதுல ஒண்ணு எரியலை, இன்னொண்ணு மங்கல். மழையில, இருட்டுல, கண்ணு எந்தப் பக்கம் போகும்? பச்சை விளக்கு கைப்பிடிச்சு கூட்டிட்டுப் போன வழியிலேயே போனாங்க. 179 பேர்ல 83 பேர் இறந்தாங்க. போர்டைப் படிச்சிருக்கணும், காம்பஸும் உதவாது, ரெண்டும் 05தான். அந்த எல், ஆர் ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

இது நடந்து சரியா ஒரு வருஷம்கூட ஆகலை.

சரி, மிலானுக்குப் போகலாம்.

லினாட்டே, மிலான் நகரத்தை ஒட்டியே இருக்கும் விமான நிலையம். 2001 அக்டோபர் 8, திங்கட்கிழமை காலை. பார்வை எட்டும் தூரம் சுமார் 200 மீட்டர். மேற்கு ஏப்ரனில், அதாவது தனியார் சிறு விமானங்கள் நிற்கும் பக்கத்தில், ஒரு செஸ்னா சைட்டேஷன் ஜெட் இருக்கிறது. உள்ளே இரண்டு பைலட், இரண்டு பயணிகள். பாரிஸ் போக வேண்டும். மறுபக்கம் எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-87, கோபன்ஹேகன் போகத் தயாராகிறது. அதில் 110 பேர்.

மேற்கு ஏப்ரன்ல இருந்து கிளம்புற மஞ்சள் கோடு ஒரு இடத்துல ரெண்டா பிரியும். இடப்பக்கம் போனா ஆர்5. அது வடக்கே போய், ரன்வேயோட முனையைச் சுத்திக்கிட்டு மெயின் ஏப்ரனுக்குப் போகும். ஆபத்து குறைவு. வலப்பக்கம் போனா ஆர்6. அது நேரா மெயின் ரன்வேக்குள்ளேயே போகும்.

செஸ்னாவுக்கு வந்த உத்தரவு: வடக்கே ஆர்5 வழியா வா, மெயின் ரன்வே நீட்சிக்கு முன்னாடி இருக்கிற ஸ்டாப் பார்ல நின்னு கூப்பிடு. பைலட் திரும்பச் சொன்னார்: ஆர்5, மெயின் ரன்வேக்கு முன்னாடி கூப்பிடறேன்னு. ஆர்5 சரி. ஆனா "வடக்கு" காணோம், "நீட்சி" காணோம். விமானத் துறையில உத்தரவைத் திரும்பச் சொல்றது ஒரு சடங்கு இல்லை. நெட்வொர்க்ல பாக்கெட் போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்குற மாதிரிதான். இங்கே பாதி பாக்கெட்தான் திரும்பி வந்தது, அதைச் சரின்னு ஏத்துக்கிட்டாங்க.

பிறகு அந்தப் பிரிவு. விசாரணையில என்ன தெரிஞ்சதுன்னா, லினாட்டேயோட டாக்ஸிவே போர்டுகள்லயும் தரைக் குறிகள்லயும் பல தேய்ஞ்சிருந்தன, சில மறைஞ்சிருந்தன, சில இல்லவே இல்லை. சர்வதேச விதிகளோட ஒத்துப்போகலை. வெயில் நாள்ல தினமும் போற ஆளுக்கு அது தெரியாது, பழக்கத்துல போயிடுவார். அன்னைக்குக் காலையில வந்து இறங்கின ஆளுக்கு, பனியில, அந்தத் தேய்ஞ்ச எழுத்துதான் ஒரே வழிகாட்டி. செஸ்னா வலப்பக்கம் திரும்பிச்சு. ஆர்6.

இங்கேதான் எனக்கு இந்தக் கதையில ரொம்ப வலிக்கிற இடம் வருது. செஸ்னா பைலட்டுகள் கண்ணை மூடிக்கிட்டுப் போகலை. தரையில எழுதியிருந்த ஒரு குறியைப் பார்த்து, நாங்க எஸ்4 பக்கம் வர்றோம்னு டவர்கிட்ட சொன்னாங்க. அது உண்மை. எஸ்4 என்ற எழுத்து அந்த இடத்துல நிஜமாவே இருந்தது. அவங்க நிக்கிற இடம் ஆர்6தான் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆனா கன்ட்ரோலருக்கு எஸ்4ன்னா என்னன்னு தெரியாது. அவர்கிட்ட இருந்த வரைபடத்துல அப்படி ஒரு பேரே இல்லை. அதிகாரபூர்வ ஆவணங்கள்லயும் இல்லை. தரையில இருக்கு, காகிதத்துல இல்லை. டாக்குமென்டேஷன்ல இல்லாத ஒரு பேரு ப்ரொடக்ஷன்ல ஓடிக்கிட்டிருக்கு, லாக்ல வந்து விழுது, பார்க்குறவருக்கு அது எதைக் குறிக்குதுன்னே தெரியலை. நம்ம வேலையில இது நடந்தா ஒரு ராத்திரி தூக்கம் போகும்.

கன்ட்ரோலர் இடத்தை உறுதி பண்ணச் சொன்னார். மறுபடி எஸ்4. நில்லுங்க, கூப்பிடறேன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, மெயின் ஏப்ரனுக்குத் தொடர்ந்து வாங்கன்னு அனுமதி குடுத்தார். அவர் மனசுல செஸ்னா வடக்கே ஆர்5ல, ரன்வே முனைக்கு அப்பால, பத்திரமா நிக்குது. அந்தப் படத்துக்கு அவர் குடுத்த அனுமதி சரியானது. படம்தான் தப்பு.

படத்தைச் சரிபார்க்க ஒரு கருவி இருந்திருக்கணும். தரை ரேடார். லினாட்டேயோட பழைய தரை ரேடார் 1999 நவம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. புது ரேடார் சில வருஷங்களுக்கு முன்பே வந்து இறங்கிவிட்டது. ஆனால் முழுசாகப் பொருத்தி இயக்கப்படவில்லை. பழையதை அணைச்சாச்சு, புதுசு இன்னும் ஓடலை, நடுவுல ஏறக்குறைய ரெண்டு வருஷம். மைக்ரேஷன் பண்ணின எல்லாருக்கும் இந்த வாக்கியம் வயித்துல ஏதோ பண்ணும்னு நினைக்கிறேன். ரன்வேக்குள்ள ஏதாவது நுழைஞ்சா எச்சரிக்கிற உணர்கருவிகளும் இருந்தன. வண்டிகளும் விலங்குகளும் போனாக்கூட பொய் அலாரம் அடிக்குதுன்னு அதையும் அணைச்சு வச்சிருந்தாங்க.

இதுக்கு மேல ரெண்டு விஷயம். எஸ்ஏஎஸ் விமானம் டவர் அலைவரிசையில பேசிக்கிட்டிருந்தது, செஸ்னா கிரவுண்ட் அலைவரிசையில. அதனால எஸ்ஏஎஸ்க்கு டேக்-ஆஃப் அனுமதி குடுத்தது செஸ்னா காதுல விழவே இல்லை. அடுத்து, செஸ்னாவுக்கு முன்னாடி ஆர்6ல சிவப்பு விளக்கு வரிசை இருந்தது. நிறுத்தக் குறியும் இருந்தது. எல்லாத்தையும் தாண்டித்தான் போனாங்க. ஏன்? காதுல "தொடர்ந்து வா"ன்னு குரல், கண்ணு முன்னாடி சிவப்பு. ரெண்டுல எதை நம்புறது? அவங்க குரலை நம்பினாங்க.

காலை 8:10. எம்டி-87 மூக்கைத் தூக்குற நொடியில செஸ்னா ரன்வேயைக் குறுக்கே கடந்துக்கிட்டிருந்தது. மோதினதுல எம்டி-87 வலது இன்ஜினையும் வலது சக்கரத்தையும் இழந்தது. சில நொடி காத்துல எழும்பிச்சு, மறுபடி தரையில விழுந்து, சறுக்கிக்கிட்டே போய் பேக்கேஜ் கட்டடத்துல மோதி எரிஞ்சது. விமானத்துல இருந்த 110 பேரும், செஸ்னாவுல இருந்த 4 பேரும், அந்தக் கட்டடத்துல பெட்டிகளைப் பிரிச்சுக்கிட்டிருந்த 4 ஊழியர்களும். மொத்தம் 118 பேர்.

பனி எவ்வளவுன்னா, ரன்வே நடுவுல செஸ்னா எரிஞ்சுக்கிட்டிருக்குன்னு தெரியவே ரொம்ப நேரம் ஆச்சு. எதோட மோதினதுன்னு தெரியாமலே மீட்பு வேலை நடந்தது.

செப்டம்பர் 11 முடிஞ்சு நாலு வாரம்கூட ஆகலை என்பதால உலகமே முதல்ல வேற கோணத்துல யோசிச்சது. அது ஒரு தேய்ஞ்ச எழுத்து, ஒரு பொருத்தப்படாத ரேடார்னு தெரிஞ்சப்போ செய்தி ஏற்கெனவே பின்பக்கத்துக்குப் போயிடுச்சு. நம்மள்ல பல பேருக்கு லினாட்டே பேரே தெரியாததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

செஸ்னா பைலட்டுகள் மேல தப்பே இல்லைன்னு சொல்ல முடியாது. தப்பான பக்கம் திரும்பினது அவங்கதான். அவ்வளவு குறைவான பார்வையில இயங்க அவங்களுக்குத் தகுதிச் சான்றும் இல்லை. ஆனா அதைத் தடுக்கவும் லினாட்டேயில யாரும் இல்லை. 2004ல மிலான் நீதிமன்றம் கன்ட்ரோலரையும் மூணு அதிகாரிகளையும் குற்றவாளிகள்னு தீர்ப்பு சொன்னது. மேல்முறையீட்டுல அதுல சிலது மாறியது. அந்தக் கன்ட்ரோலரை அதிகாரிகளோட ஒரே வரிசையில வைக்க எனக்கு மனசு வரலை. ரேடார் இல்லாம, வெளியே எதுவும் தெரியாம, கையில இருந்த வரைபடத்தை நம்பி, காதை மட்டும் வச்சு அத்தனை விமானங்களை நகர்த்தினவர் அவர். எஸ்4ன்னா என்னன்னு நின்னு கேட்டிருக்கணும், உண்மைதான். வரைபடத்துல இல்லாத எழுத்தைத் தரையில விட்டு வச்சவங்களைவிட அது பெரிய குற்றமா?

பிறகு என்ன மாறிச்சு? ஐரோப்பா 2003ல ரன்வேக்குள்ள தவறி நுழையறதைத் தடுக்க ஒரு செயல்திட்டம் கொண்டு வந்தது. பைலட்டுகள், கன்ட்ரோலர்கள், விமான நிலையக்காரர்கள் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பேசுற உள்ளூர்க் குழுக்கள் வந்தன. கேட்க சாதாரணமா இருக்கும், ஆனா எஸ்4 மாதிரி விஷயம் அப்படி ஒரு மேஜையிலதான் வெளியே வரும். குழப்பம் வரக்கூடிய சந்திப்புகளை வரைபடத்துலேயே வட்டம் போட்டுக் காட்டுறாங்க. ரன்வே வாசல் நெருங்குறதுக்கு முன்னாடியே நடுக்கோட்டோட ரெண்டு பக்கமும் கூடுதல் புள்ளிக்கோடு வரைஞ்சு, "முன்னாடி சுவர் வருது"ன்னு எச்சரிக்கிறாங்க. அமெரிக்காவுல 2010ல இருந்து, வழியில வர்ற ஒவ்வொரு ரன்வேயையும் தாண்ட தனித்தனியா அனுமதி வாங்கணும். லினாட்டே கேட்ட அந்தக் கேள்விக்கும், குரலா சிவப்பா என்ற கேள்விக்கும், இப்போ விதி தெளிவா இருக்கு: எரியுற சிவப்பு ஸ்டாப் பாரை, டவரே போகச் சொன்னாலும் தாண்டக் கூடாது. முதல்ல விளக்கை அணைக்கட்டும்.

எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. 2024 ஜனவரி 2, டோக்கியோவோட ஹனேடா. நிலநடுக்க நிவாரணப் பொருள் ஏத்திக்கிட்டுக் கிளம்ப வேண்டிய கடலோரக் காவல் படை விமானத்துக்கு சி5 என்ற நிறுத்துமிடம் வரைக்கும்தான் அனுமதி. நீங்கதான் வரிசையில முதல்னும் சொல்லியிருந்தாங்க. அந்த "முதல்" என்ற சொல்லை அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. ரன்வேக்குள்ள போய் சுமார் 40 நொடி நின்னாங்க. ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 வந்து அவங்க மேலேயே இறங்கிச்சு. சி5ல ஸ்டாப் பார் விளக்கு பராமரிப்புக்காக அணைக்கப்பட்டிருந்தது. டவர் திரையில எச்சரிக்கை நிறம் மாறியது யார் கண்ணுலயும் படலை. கடலோரக் காவல் படையில 5 பேர் இறந்தாங்க. ஏ350ல இருந்த 379 பேரும் தப்பிச்சதுதான் உலகம் பேசின அதிசயம்.

முடிக்கறதுக்கு முன்னாடி, யாரும் சாகாத ஒரு கதை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

1999 டிசம்பர் 6, அமெரிக்காவோட பிராவிடன்ஸ். ராத்திரி, பனிமூட்டம், தரை ரேடார் இல்லை. யுனைடெட் 1448, ஒரு 757, அப்போதான் இறங்கியிருக்கு. கேட்டுக்குப் போற வழியில ஒரு திருப்பம் தவறி, பி டாக்ஸிவேயில திரும்பி, கடைசியில ஒரு ரன்வே மேலயே வந்து நின்னுடுச்சு. பைலட்டுகள் உடனே நின்னு டவர்கிட்ட சொன்னாங்க: நாங்க ஒரு ரன்வேயில நிக்கிறோம்னு. சொல்லிக்கிட்டிருக்கும்போதே பக்கத்துல ஒரு ஃபெடெக்ஸ் 727 உறுமிக்கிட்டு எழும்பிப் போச்சு. கன்ட்ரோலர், நீங்க நிக்கிறது இப்போ பயன்பாட்டுல இல்லாத ரன்வேதான்னே நினைச்சார்.

அவங்க நின்னது 23எல். அஞ்சையும் பதினெட்டையும் கூட்டுங்க. ஃபெடெக்ஸ் கிளம்பின 5ஆர், இவங்க நிக்கிற 23எல், ரெண்டும் ஒரே தார்ப்பாதை. ஒரு முனையில இருந்து பார்த்தா வலது, மறுமுனையில இருந்து பார்த்தா இடது, அதனால எழுத்தும் மாறிடுச்சு.

அடுத்து கிளம்ப வேண்டியது ஒரு மெட்ரோஜெட் விமானம். டேக்-ஆஃப் அனுமதி வந்தது. அந்த பைலட்டுகள் அதுவரைக்கும் ரேடியோவுல நடந்த பேச்சு முழுசையும் கேட்டுக்கிட்டிருந்தாங்க. போக மாட்டோம்னுட்டாங்க. யுனைடெட் எங்கே இருக்குன்னு உறுதியா தெரியுற வரைக்கும், அது கேட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும், நாங்க இந்த ரன்வேக்குள்ள வர மாட்டோம். டவர் மறுபடி ரன்வே காலின்னு சொன்னப்பவும் அவங்க அசையலை.

யுனைடெட் மெதுவா வழி கண்டுபிடிச்சு கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுக்கப்புறம்தான் மெட்ரோஜெட் கிளம்பிச்சு.